விமானச் சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம்

1983-ஆம் வருஷம், தை மாதம். பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி, மெட்ராஸ் போய், அங்கிருந்து விமானத்தில் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பினேன். அப்போது எனக்கு முப்பது வயது. அதுவரை நான் ஏறியதிலேயே பெரிய வண்டி விழுப்புரம் பாசஞ்சர்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள் ஆகாயத்தில் போகப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை வர ரொம்ப நாள் ஆனது.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை, பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது. காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, பதமான சூட்டில் ஊற்ற வேண்டும். நான் ஊற்றினால் குழந்தை அழாது என்று ஒரு பெயர் இருந்தது. திண்டிவனத்தில் அப்படி நான் போய்க்கொண்டிருந்த வீட்டு அம்மாவின் தங்கை மஸ்கட்டில் இருந்தார். அவருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தவித்தார். என்னை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது.

பாஸ்போர்ட்டுக்கு அலைந்து எல்லாக் காகிதமும் கைக்கு வந்தபோது, விசா முடிய மூன்றே நாள்தான் இருந்தது. அந்த விமானத்தை விட்டால் அடுத்தது நாலு நாள் கழித்து. அதாவது வேலை போய்விடும். வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆறு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், பயத்தைவிட ஆசைதான் அதிகம். புதுச் செருப்பை வாங்கி ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுப் போட்டு நடந்து பார்த்தேன்.

கிளம்பும்போது அம்மா என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள். மஞ்சள் குங்குமம் வைத்த பழம்.

"ஏறதுக்கு முன்னாடி சக்கரத்துக்கு அடியில வெச்சிடு" என்றாள்.

"ஏரோப்ளேனுக்கெல்லாம் அப்படி வெக்க மாட்டாங்கம்மா."

"லாரிக்கே வெக்கிறாங்க. ஆகாசத்துல போறதுக்கு வெக்காம போவாங்களா? அவங்க மறந்துட்டா நீ வெச்சிடு. சும்மா வெக்கப்பட்டுக்கினு நிக்காத."

விமான நிலையத்தில் பையைச் சோதித்த பெண் பழத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் விமானம் நிற்கிற இடம்வரைக்கும் நடந்தே போக வேண்டும். வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஊர் ஏரிக்கரைப் புளியமரத்தைவிட உயரம். வெயிலில் பளபளவென்று நின்றது. இதற்குள்ளேதான் போகப் போகிறேன் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்புறம்தான் சக்கரத்தைத் தேடினேன். லாரி என்றால் தெரியும். இதற்கு ஒரு பக்கம் கொத்தாகச் சக்கரம், இன்னொரு பக்கம் கொத்தாகச் சக்கரம், மூக்குக்குக் கீழே தனியாக இரண்டு. மூக்குப் பக்கம்தானே முன்சக்கரம் என்று முடிவு செய்தேன். எல்லோரும் படி ஏறிக்கொண்டிருக்க, நான் புடவை மடிப்பைச் சரிசெய்வது போல ஒதுங்கி, மெதுவாக மூக்குப் பக்கம் நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன். விசில் சத்தம். துப்பாக்கியோடு ஒருவர் ஓடி வந்தார். பின்னாலேயே ஓர் ஆபீசர். என்னென்னவோ கேட்டார். பேசியது ஹிந்தியா இங்கிலீஷா என்றுகூடத் தெரியவில்லை. நான் பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். பையை வாங்கித் தரையிலேயே கொட்டினார்கள். ஒரு பொட்டலத்தைக் காட்டி ஆபீசர் அதட்டியபோது, வாயில் வந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன்.

"மல்லாட்டைங்க."

நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பக்கம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சட்டென்று திரும்பினார்.

"மல்லாட்டையா? எந்தூரும்மா நீ?"

"கூட்டேரிப்பட்டுங்க."

"நான் உங்க பக்கத்துல வல்லம். இங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?"

அழுகையும் பேச்சுமாக அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஆபீசரிடம் அவர் பாஷையிலேயே எடுத்துச் சொன்னார். ஆபீசர் நம்பவில்லை. என் உள்ளங்கையில் இருந்த பழத்தையே பார்த்தார். அதற்குள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். படியின் மேலே நின்ற பெண் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மஸ்கட்டும் இரட்டைப் பிள்ளைகளும் கையை விட்டுப் போயாயிற்று என்றே நினைத்தேன்.

ஆபீசர் கை நீட்ட, காக்கிச் சட்டைக்காரர் இடுப்பில் வைத்திருந்த கயிறு அறுக்கிற கத்தியைக் கொடுத்தார். உள்ளே ஏதாவது மறைத்து வைத்திருக்கிறேனோ என்று சந்தேகம் போல. ஆபீசர் பழத்தை வாங்கி, ஒரே வெட்டு. சாறு சொட்டியது. இரண்டு கொட்டைகள் கீழே விழுந்தன. மோந்து பார்த்தார். வெறும் எலுமிச்சம்பழம்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அம்மா அவ்வளவு சொல்லியும் சக்கரத்தில் வைக்க முடியாமல் பழம் பாழாகிவிட்டதே.

"தோ பாரும்மா, ஏன் அழுவுற?" என்றார் காக்கிச் சட்டைக்காரர். "சக்கரத்துல வெச்சா இன்னா ஆவும்? நசுங்கும். திருஷ்டி கழிக்கிறப்ப இன்னா பண்ணுவாங்க? ரெண்டா அறுப்பாங்க. ஏரோப்ளேன் மூஞ்சிக்கு நேரா நிக்க வெச்சு, பெரிய ஆபீசரே உனக்கு அறுத்துட்டாரு. மந்திரி போனாகூட இப்படி செய்ய மாட்டாங்க. எல்லாம் கழிஞ்சிடுச்சு. ஜல்தி ஏறு."

அழுகையோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் என்னவென்று கேட்டிருக்க வேண்டும். காக்கிச் சட்டைக்காரர் சொன்னதைக் கேட்டு ஆபீசரின் மீசையும் லேசாக அசைந்தது. பழத்தின் இரண்டு பாதிகளையும் என் இரண்டு கைகளில் வைத்து, படியைக் காட்டினார். காக்கிச் சட்டைக்காரர் பொருள்களை அள்ளிப் பையில் போட்டு என் தோளில் மாட்டினார். மல்லாட்டையில் ஒரு பிடியை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது எனக்கு" என்றார்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. விமானம் நகர்ந்தபோது பார்த்தேன். அவர் கீழே நின்று, நான் எந்த ஜன்னலில் இருக்கிறேன் என்று தெரியாமல், எல்லா ஜன்னலுக்கும் சேர்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் தரை கீழே போனது. வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். வீடுகள் தீப்பெட்டியாகி, தென்னை மரங்கள் புல்லாகி, திடீரென்று ஒன்றுமே இல்லாமல் வெள்ளை வெளேரென்று மேகம். இட்லிப் பானை மூடியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. பம்பாயில் ஒருமுறை இறங்கி ஏறி, கடல் தாண்டிப் போய்ச் சேரும்வரைக்கும் நான் கண்ணை மூடவில்லை. கையில் எலுமிச்சை வாசனை. குமட்டியவர்களுக்கெல்லாம் நடுவில் நான் மட்டும் அந்த வாசனையிலேயே தெம்பாக உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் இரட்டைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டும் அழவில்லை.

நடந்ததை அம்மாவுக்கு எழுதினேன். அம்மா அதை எப்படிப் புரிந்துகொண்டாளோ, ஏரோப்ளேன் கிளம்புவதற்கு முன்னால் ஆபீசர் வந்து பழம் அறுப்பார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். பின்னால் வெளிநாடு போன எங்கள் ஊர்ப் பையன்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு போய், "எங்களுக்கு யாருமே அறுக்கலியே" என்று அம்மாவிடம் வந்து கேட்டார்களாம். "உங்க மூஞ்சிக்கு எதுக்குடா திருஷ்டி" என்றாளாம் அம்மா.

அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் அறுக்கும்போதெல்லாம் ஒரு குறை மட்டும் மனதில் வந்து நிற்கிறது. அவ்வளவு நேரம் கை காட்டியவருக்கு நான் திரும்பக் கை காட்டவில்லை. இரண்டு கையிலும் பழத்தை இறுக்கிப் பிடித்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, யாராவது முதல்முறையாக எங்காவது கிளம்பினால், எனக்கு இருக்கிற கூச்சத்தையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு, வண்டி கண்ணுக்கு மறைகிறவரை தெருவில் நின்று கை காட்டிவிட்டுத்தான் இன்றைக்கும் உள்ளே வருகிறேன்.