நான் கோடு போட்ட மரம்

மராத்தி பேசும் தொழிற்பேட்டை ஊரான சாகணில் இயந்திரங்களை ஏற்றுமதி செய்ய மரப்பெட்டி அடிக்கும் பட்டறை ஒன்றில் எனக்குப் பலகை பார்க்கிற வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் பைன் பலகைகளில் விரிசல், முடிச்சு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துக் கழிக்க வேண்டும். நாள் முழுக்க அதையே பார்த்தும் சலிக்காததற்குக் காரணம் பலகையின் வெட்டுமுனை. அந்த மரத்தின் வாழ்க்கையே அங்கே தெரியும். கன்றாக இருந்த காலத்துக்கு அகல வளையங்கள். தோட்டத்தில் கிளையோடு கிளை முட்டத் தொடங்கியதும் நூல் நூலாக நெருங்கிவிடும். பிறகு ஓரிடத்தில் மறுபடி அகலமாகும். பக்கத்து மரங்களை வெட்டி இடம் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி இதைச் சொன்னபோது, அக்கம்பக்கம் ஒழிந்தால்தான் நமக்கு நல்லகாலம் என்று மரத்துக்கும் தெரிந்திருக்கிறதே என்று கிண்டல் செய்தேன். என் வாய் அப்படி.

வீடு அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, கட்கியில். வேலூர்ப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கும் லைன் வீடுகள். கொரோனாவில் எங்கள் லைனில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. என் கணவர் போனார். அதே மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் மூத்த மகன் போனான். வருஷத் திதி முடிந்ததும் லைனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் போனவர்களுக்கு ஆளுக்கொரு தேக்கங்கன்று வைத்தோம். அங்கேதான் எல்லோருக்கும் புத்தி கெட்டது. வீட்டு நம்பர் வரிசையில்தான் நட வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் தள்ளிப் போகக் கூடாது என்று ஒரே பிடிவாதம். இரண்டு முழத்துக்கு ஒரு குழி. மரம் தெரிந்த நானாவது தடுத்திருக்க வேண்டும். நானும் என் கணவரின் கன்றை அக்கா மகனின் கன்றை ஒட்டி வைத்து, அழுதுவிட்டு வந்தேன்.

முதலில் எல்லாம் சேர்ந்து மளமளவென்று வந்தன. மேலே இலைகள் மூடிக்கொண்டதும் வெளிச்சத்துக்குப் போட்டி தொடங்கியது. உயரம் மட்டும் ஏறியது, தண்டு பருக்கவில்லை. கீழிலைகள் பழுத்து விழுந்தன. சென்ற வருடம் லைன்காரர்கள் என்னிடம் வந்து காரணம் கேட்டார்கள். பாதியை எடுத்தால்தான் மீதி பிழைக்கும் என்றேன். யார் மரத்தை எடுப்பது என்று இரண்டு வாரம் சண்டை. கடைசியில், இரண்டு வீட்டுக்கு ஒரு மரம் நிற்கட்டும், அது இரண்டு வீட்டுக்கும் பொது, எதை வெட்டுவது என்று நான் சாக்பீஸால் கோடு போட்டால் யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோடு போட ஆரம்பித்தேன். மெலிந்தது, கோணலானது போக வேண்டும். பருத்தது, நேரானது நிற்க வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எங்கள் இரண்டு மரங்களுக்கு முன்னால் வந்தபோது நின்றுவிட்டேன். அக்கா மகனின் மரம் அந்த வரிசையிலேயே திடமானது. என் கணவரின் மரம் சோனி, அதன்மேல் சாய்ந்துகொண்டு நின்றது. என் கை அக்கா மகனின் மரத்தில் கோடு போட்டது.

பின்னால் அக்கா நின்றிருந்தாள். "இதையா மா?" என்றாள்.

"உள்ள கெட்டுப்போயிருக்குக்கா" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய், தயங்காமல் வந்தது.

அவள் மரத்தைத் தடவிப் பார்த்தாள். "நீ சொன்னா சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

வெட்டி முடித்ததும் அடிக்கட்டையைப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. பூச்சி இல்லை, பொந்து இல்லை. அத்தனை நெரிசலிலும் வளையங்கள் அகலமாகவே இருந்தன. பட்டறையில் இப்படி ஒரு பலகை வந்தால் தட்டிப் பார்க்காமலே முதல் தரத்தில் போடுவேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். இதைச் செய்தது நானா என்று எனக்கே நம்ப முடியவில்லை. ஆனாலும் அக்காவிடம் போய்ச் சொல்லவில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம் புழுதிக்காற்றும் மழையும் அடித்தன. நெரிசலில் வளர்ந்த சோனி மரம் பக்கத்து மரங்களின் தயவில் நிற்பது. திடீரென்று தனியாக விட்டால் காற்றைத் தாங்காது. இதுவும் எனக்குத் தெரியாததில்லை. மழை விட்டதும் பின்பக்கம் ஓடினேன். லைனில் மற்ற மரங்களெல்லாம் நின்றன. என் கணவரின் மரம் மட்டும் இடுப்பளவில் முறிந்து கிடந்தது.

அக்கா வந்து பாதையில் கிடந்த கிளைகளை ஓரமாக இழுத்துப் போட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, உங்க மரத்துல ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும் மா." அவள் நிமிரவில்லை. "தெனம் தண்ணி ஊத்துனவளுக்குத் தெரியாதா? கட்டைமேல நீ மண்ணு தள்ளுனதையும் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்."

"அப்போ ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு இன்னா பண்றது? உன் வூட்டுக்காரர் மரமாச்சும் நிக்கட்டும்னு வுட்டேன்." கையிலிருந்த கிளையைக் கீழே போட்டாள். "எனக்கு இது நிக்கணும், குடுத்துடுக்கான்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். உள்ள கெட்டுப்போச்சுன்னு சொன்ன பாரு, அதான் மா ஆறல. ஆஸ்பத்திரில என் புள்ளயப் பத்தியும் அதத்தான் சொன்னாங்க. கெட்டுப்போச்சான்னு அந்தத் தடவ என்னால பார்க்க முடியல, உள்ளயே வுடல. இந்தத் தடவ கட்டைமேல இருந்த மண்ணத் தள்ளிட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்த கிளையை இழுக்க அவள் குனிந்தாள். நான் மறுமுனையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு அவளே இழுத்துக்கொண்டு போனாள்.