அழவில்லை… சாப்பிடவும் இல்லை!

எங்கள் வீட்டு மல்லிகா பாலவாடிக்குப் போன முதல் நாள் அழவே இல்லை. டீச்சருக்கே ஆச்சரியம். மூன்று வயசுப் பிள்ளை, அம்மா கையை விட்டதும் நேராகப் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டதாம்.

எப்படி அழும் பின்னே? நாங்கள் பழக்கிய பழக்கம் அப்படி!

மல்லிகா என் கொழுந்தனாரின் பேத்தி. அதன் அம்மா சரஸ்வதிக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. மலையாளச் சீமையில் எங்கள் எலப்புள்ளிப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டு மருமகள் வேலைக்குப் போவது… இன்னும் பழகாத சங்கதி. கொழுந்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார். அதுவும் ஒரு கண்டிஷனோடு – பிள்ளை பாலவாடியில் ஒழுங்காக இருந்தால் மட்டும்.

‘வீட்டில்தான் நீ இருக்கிறாயே, பாலவாடி எதற்கு?’ என்று கேட்பீர்கள். கிணறும் வாய்க்காலும் மாடும் உள்ள இடம். ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட என் முழங்காலுக்கு இஷ்டமில்லை.

ஆகவே சரஸ்வதியும் நானும் முன்கூட்டியே ஆரம்பித்தோம். சாயங்காலமானால் பாலவாடி வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினோம். ஜட்டியைத் தானே கழற்றப் பழக்கினோம். “ஒண்ணுக்கு வருதுங்க டீச்சர்” என்று சத்தமாகச் சொல்லப் பழக்கினோம். டீச்சர் மலையாளத்தில் பேசுவாரே என்று அதிலும் நாலு வார்த்தை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பிள்ளை பராக்குப் பார்க்கிற நேரம் அம்மா நழுவக் கூடாது. “போயிட்டு மத்தியானம் வாரேன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போகணும். இன்றைக்கு ஏமாற்றிவிட்டு ஓடினால் நாளைக்கு அது முந்தானையை விடுமா? சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால் பிள்ளை நம்பும். வேறு வித்தை ஒன்றும் கிடையாது.

எல்லாம் நினைத்தபடியே நடந்தது. ஒன்றைத் தவிர… மல்லிகா அங்கே ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

மத்தியானம் அங்கே கோதுமை ரவை உப்புமா போடுவார்கள். மற்றப் பிள்ளைகள் தட்டை வழித்துத் தின்கின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் வெறும் வயிறு. வீட்டுக்குள் நுழைந்ததும் நின்றபடியே சோற்றை அள்ளித் தின்கிறது!

“அந்த உப்புமாவ நம்ம எருமை மோந்துகூடப் பாக்காது. புள்ள எப்படித் திங்கும்?” என்றார் கொழுந்தனார். மருமகள் பக்கம் திரும்பினார். “இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள உண்டாச் சரி. இல்லீன்னா அந்த வேலை வேண்டாம்னு சொல்லிரு அம்மிணி.”

“சரீங்க மாமா” என்றாள் சரஸ்வதி. அடுப்படிக்கு வந்துதான் கண்ணைத் துடைத்தாள்.

வீட்டிலிருந்து டிபன் கொடுத்துவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டுப் பார்த்தாள். “ஒருத்திக்கு மாத்திரம் வீட்டுச் சோறு வெச்சா மத்த குட்டிகள் பாத்துட்டு இருக்கும். பாவமல்லே சேச்சி?” என்றாராம் டீச்சர். நியாயம்தானே!

எனக்குப் புது மனிதர்களிடம் சட்டென்று பேச்சு வராது. ஆனாலும் மறுநாள் மத்தியானம் போனேன். உள்ளே போகாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். ஆயா உப்புமா வைத்துக்கொண்டே வந்தாள். மல்லிகா இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டது.

“வேண்டாமுங்க. ஊட்லயே உண்டுட்டு வந்தனுங்க.”

பெரிய மனுஷி தோரணை!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது எங்கள் வீட்டுப் பாடமல்லவா? அடுத்தவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது, எத்தனை வற்புறுத்தினாலும் ‘உண்டாச்சு’ என்றுதான் சொல்லணும் – பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு இதைத்தான் ஓதுகிறோம். கௌரவமாம்! ஜட்டி கழற்றக் கற்றுக்கொடுத்த எங்களுக்கு, இதைக் கொஞ்சம் தளர்த்திவிடத் தோன்றவில்லையே…

வியாழக்கிழமை இரவு படுக்கையில் மெதுவாக ஆரம்பித்தேன்.

“பாலவாடில உண்ணலாம் சாமி. தப்பில்ல.”

“அது நம்ம ஊடா பெரியாத்தா?”

“நம்ம ஊடு இல்ல கண்ணு. ஆனாலும் உண்ணலாம்.”

மல்லிகா யோசித்தது. “நீங்க அங்க உண்பீங்களா?”

நானா? சொந்தக்காரர் கல்யாணத்திலேயே கடைசிப் பந்தியில், ஓரத்து இலையில், தலை நிமிராமல் சாப்பிட்டு எழுகிறவள் நான். பிறத்தியார் வீட்டில் ஒரு வாய் மோர் குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை பாலவாடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். “எனக்கும் ஒரு தட்டு… கிடைக்குமாங்க?”

டீச்சர் சிரிக்கவில்லை, புண்ணியவதி. பாயில் இடம் காட்டினார். மல்லிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பக்கம், எங்கள் வயலுக்குக் களை எடுக்க வருகிற ராக்கியின் மகள். அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டது:

“ஏனுங் டீச்சர், இத்தாப் பெரிய புள்ளையும் சேத்துவீங்களா?”

பாலவாடி முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா? வெளியே போனால் கொழுந்தனார் சொன்னதுதான் நடக்கும். சரஸ்வதியின் வேலை அந்தத் தட்டில் இருந்தது. எடுத்து வாயில் போட்டேன். மல்லிகா என் வாயையே பார்த்தது. இரண்டாவது வாய். மூன்றாவது…

சின்னக் கைகள் தட்டை விட்டு விலகின. “எனக்கும் வையுங்க.”

மத்தியானம் கூட்டிப்போக வந்த சரஸ்வதி காலித் தட்டைப் பார்த்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான்.

“நீங்களுமா அண்ணி?” என்றார் கொழுந்தனார் சாயங்காலம். அவர் எதிரில் நான் வாய் திறப்பதே அபூர்வம். “நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றேன்.

நாலாங்கிளாஸ் படித்தவள் சொல்கிறேன். பிள்ளைக்கு நாம் வாயால் கற்றுக்கொடுத்ததை வாயாலேயே அழிக்க முடியாது. கூட உட்கார்ந்து ஒரு வாய் தின்றுதான் காட்ட வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை சரஸ்வதி கஞ்சிக்கோட்டு பஸ் ஏறினாள். பாலவாடியில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது இப்போது யார் என்கிறீர்கள்? கொழுந்தனார்தான்! டீச்சர் உள்ளே கூப்பிட்டால் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு வேலியோரமே நிற்கிறாராம்.

சின்னப் பிள்ளை பழகியாயிற்று. பெரிய பிள்ளைக்குக் கொஞ்சம் நாளாகும்!