மாமாவின் முகத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் மாமா சினிமா நடிகராகாமல் போனதற்குக் காரணம் நான்தான். இது நானாகச் சொல்லிக்கொள்வதில்லை. டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல்லயம், கீழ்லயம் என்று இரண்டு வீட்டு வரிசை, எங்கே போய் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் அத்தையோடு இருந்தார். தேயிலை அரைக்கிற இஸ்டோரில் அவருக்குப் பெட்டி அடிக்கிற வேலை. ஆனால் அவரைப் பெட்டி அடிக்கிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், வீரபத்திரர் என்றுதான் சொல்வார்கள். மாசி மாதக் காமன் கூத்தில் அந்த வேஷம் அவருக்கென்றே எழுதி வைத்தது. முகத்தில் கனமாக அரிதாரம் பூசி, கண்ணைச் சுற்றி மை தீட்டி, தீப்பந்தத்தோடு அவர் பாய்ந்து வந்தால் பெரிய கங்காணியே இரண்டடி பின்னால் போவார். சின்னப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே ஈரம் பண்ணிவிடும். நானும் பண்ணியிருக்கிறேன், மறைப்பானேன்.

அந்த வருஷம் ஹட்டனில் முடிவெட்டப் போன மாமா, அங்கே கிடந்த பேப்பரில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான்தான் வாசித்துக் காட்டினேன். கொழும்பில் தமிழ்ப் படம் எடுக்கப் போகிறார்களாம், புதுமுகங்கள் தேவையாம். நேர் முகம் ஒன்று, பக்க முகம் ஒன்று, சிரித்த முகம் ஒன்று, ஆக மூன்று படம் அனுப்ப வேண்டும். முகமும் தோளும் மட்டும் தெரிய வேண்டும். ஒப்பனை கூடாது. வந்து சேரக் கடைசி நாள் இன்ன திங்கட்கிழமை என்று போட்டிருந்தது.

அன்று சாயங்காலமே லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, மாமாவேதான். மறுநாள் காலை பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறபோதே ஆட்கள் அவரை நிறுத்தி, கொழும்புக்குப் போனதும் எங்களை மறந்துடாதீங்க என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மாமாவும் மறக்கமாட்டேன் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தார். அத்தை மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அத்தைக்கு அப்போது ஆறாம் மாதம்.

ஹட்டன் கடைத்தெருவில் மாடிமேல் ஒரு ஸ்டூடியோ இருந்தது. மாமா அங்கே போய்க் கேட்டதற்கு ஸ்டூடியோக்காரர் ஒரு சங்கடத்தைச் சொன்னாராம். வெளிச்சம் ஒரு பக்கத்துக் கண்ணாடிக் கூரை வழியாகத்தான் விழும், மறுகன்னம் இருட்டிவிடும். கல்யாணப் படமென்றால் பரவாயில்லை, நடிகர் படத்தில் இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிய வேண்டும். வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளித்தாள் மாதிரி ஏதாவது இருந்தால் கொண்டுவா என்றிருக்கிறார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள் மாமாவின் கையில் தினமும் புரள்கிற சாமான். ஆனால் இஸ்டோரிலிருந்து ஒரு ஆணி வெளியே வந்தாலும் வேலையிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள், காம்பராவும் போய்விடும். கிழிந்து ஒதுக்கிய தாள்தான் என்றாலும் சட்டம் சட்டம்தான்.

சனிக்கிழமை அவர் அதை மடித்துச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் வாட்சர் அன்றைக்கென்று நிறுத்தி, நெருப்புப் பெட்டி கேட்டானாம். பையில் கைவிட்டு எடுக்கும்போது தாள் சரசரவென்று சத்தம் போட, மாமா பெரிதாக இருமித் தப்பித்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் இருமல் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார், தாள் பிடிக்க ஆள் வேண்டுமே. ஸ்டூடியோக்காரர் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். மாமாவைப் பார்த்ததும், "தம்பி, மூஞ்சியில என்ன இது?" என்றார். மாமா பவுடரும் புருவத்துக்கு மையும் போட்டு வந்திருந்தார். லேசாகத்தானே போட்டேன் என்று மாமா சொல்லிப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் சவர்க்காரத்தை எடுத்துக் கையில் கொடுத்துக் கழுவ அனுப்பிவிட்டார்.

கழுவிவிட்டு வந்த மாமாவை முக்காலியில் உட்கார வைத்தார். முதலில் தோளைத் திருப்பச் சொன்னார், பிறகு முகத்தை மட்டும் மெல்லக் கொண்டுவரச் சொன்னார். தாடையை இறக்கச் சொன்னார், உதட்டை நனைக்கச் சொன்னார், மூன்று எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொன்னார். நான் கீழே மண்டி போட்டு ஈயத்தாளை ஏந்திக்கொண்டிருந்தேன். வெளிச்சம் அதில் பட்டு மாமாவின் இருட்டுக் கன்னத்தில் ஏறியது. என் கை ஆடினால் அவர் முகமே ஆடியது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "கண்ணுல ஏன்யா இவ்வளவு பயம்? நான் என்ன ஊசியா போடப் போறேன்?" என்றார். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பந்தத்தோடு ஊரை விரட்டுகிற மனிதர், வெறும் முகத்தோடு ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். ஹட்டன் குளிரில் அவர் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. ஸ்டூடியோக்காரர் மூன்று முறை துடைத்துவிட்டார்.

படங்கள் வியாழக்கிழமைதான் கிடைத்தன. மாமா தனியாகப் போய் வாங்கி வந்தார். அம்மா கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சனிக்கிழமை தபாலில் போடும்வரை சுவரில் அடித்த சாமி தட்டிலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியான ரயிலில் தபால் போனால்தான் திங்கட்கிழமை கொழும்பில் போய்ச் சேரும். அடுத்த ரயிலில் போனால் பிரயோசனமில்லை. இது எங்கள் லயத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லயத்தில் படம் பிடிப்பதென்றால் முழு ஆளாகத்தான் பிடிப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, கால் விரல் பத்தும் தெரிய வேண்டும். கால் வெட்டுப்பட்டால் ஸ்டூடியோவில் சண்டைதான். முகம் மட்டும் தெரிகிற படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, செத்துப்போன தாத்தாவுடையது. யாருடைய கல்யாணப் படத்திலோ ஓரமாக நின்றவரை வெட்டியெடுத்துப் பெரிதாக்கியது. முருகனுக்குப் பக்கத்தில் அவரும் சாமி தட்டில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை விளக்குக் கழுவிப் பூ வைப்பது என் வேலை. அம்மாவும் அத்தையும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குளித்துவிட்டுச் சந்தனம் குழைத்தேன். முருகனுக்கு வைத்தேன், தாத்தாவுக்கு வைத்தேன். பக்கத்தில் மாமா மூன்று பேராக நின்றுகொண்டிருந்தார். மாமாவுக்கு மட்டும் இல்லையா என்று மனசு கேட்கவில்லை. சாமி கும்பிட்டுப் போகிற காரியம் நல்லபடியாக நடக்கட்டும் என்று நேர் முகத்துக்கு நெற்றி நடுவில் பெரிதாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். சிரித்த முகத்துக்கும் வைத்தேன். பக்க முகத்துக்கு எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை, கொஞ்சம் யோசித்துக் காதோரமாக வைத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு செவ்வந்திப் பூ. ஊதுபத்தி கொளுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது!

முதலில் உள்ளே வந்தது அத்தை. மலையிலிருந்து இறங்கியதும் அடுப்புக்கு நெருப்பு எடுக்க வந்தாள்.

அப்படியொரு அலறலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் பெண்கள் ஓடிவந்தார்கள். சாமி தட்டில் பூவும் பொட்டுமாக மாமாவின் முகத்தைப் பார்த்தவர்கள், என்ன ஏதென்று கேட்காமல் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். "எப்ப போனாரு, காலையில நல்லாத்தானே போனாரு" என்று ஒருத்தி ஒப்பாரியே எடுத்துவிட்டாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "என் தாலிய அறுக்கப் பாத்தாளே, இந்தப் பாவி!" என்று என்னைக் காட்டினாள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை.

இஸ்டோரில் யாரோ போய்ச் சொல்லி மாமா ஓடிவந்தார். உயிரோடு வந்த அவரைப் பார்த்து அழுகை இன்னும் கூடியது. அவர் சாமி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். படங்களை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். சந்தனம் காய்ந்திருந்தது. தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் படத்தின் தோலே உரிந்து வந்து, மூன்று முகத்திலும் பொட்டு வைத்த இடம் வெள்ளையாகிப் போனது.

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். "நாளைக்கு ஹட்டனுக்குப் போயிப் பாக்கிறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவளும் வரட்டும், தாள் புடிக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஹட்டன் போய்விட்டோம். முதுகெல்லாம் எனக்கு எரிந்தது. மாமா கக்கத்தில் ஈயத்தாள் சுருட்டியிருந்தது. ஸ்டூடியோவுக்குக் கீழே வந்ததும் அவர் மாடிப்படியில் ஏறவில்லை. எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடைக்குள் போய்த் தெருவைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்குப் பணிஸ் ரொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவர் தேத்தண்ணி மட்டும் குடித்தார், அதையும் பாதியில் வைத்துவிட்டார்.

"போகலாமா மாமா?" என்றேன். "இரு புள்ள" என்றார்.

பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. கடைச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, நான் அதையும் ஸ்டூடியோவையும் மாறி மாறிப் பார்த்தேன். மாமா ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் வியாழக்கிழமைதானே கிடைத்தது, இனி எடுத்தும் என்ன என்று அவர் மனசு விட்டுவிட்டார், எல்லாம் என்னால்தான் என்று நினைத்துப் பாதிப் பணிஸைத் தாளில் சுற்றி வைத்தேன். ஒருமுறை ஸ்டூடியோக்காரர் மாடி வராந்தாவுக்கு வந்தார். எங்களைக் கண்டுவிட்டுக் கையைத் தூக்கி வரச் சொன்னார். நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். மாமா மெல்லத் தோளைத் திருப்பி, பிறகு முகத்தையும் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டைத் தாண்டியபோது ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. மாமா மூச்சு விட்டார். காலையிலிருந்து அதை அடக்கி வைத்திருந்தாரோ என்னவோ, அவ்வளவு நீளமாக விட்டார். "போச்சு புள்ள" என்றார். பிறகு பசிக்கிறதென்று இரண்டு பணிஸ் தின்றார். திரும்புகிற வழியில் ஒரு கடையில் நின்று எனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கித் தந்தார்.

லயத்தில் காத்திருந்தவர்களிடம் அவர் சொன்னது இதுதான்: "மறுபடி எடுத்துக் கழுவ நாலு நாள் ஆகும். இந்தப் புள்ள மட்டும் பொட்டு வைக்காம இருந்திருந்தா இந்நேரம் என் மூஞ்சி கொழும்புல இருக்கும்." எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அன்று ராத்திரி அத்தை எனக்குச் சோறு போட்டாள். தலையைத் தடவியும் விட்டாள்.

பத்து வருஷம் கழித்து, ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்க அதே ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரருக்குத் தலை நரைத்திருந்தது. "ஈயத்தாள் புடிச்ச புள்ளதானே நீ?" என்று அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் துழாவி, கண்ணாடித் தகடு ஒன்றைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிப்போய், மாமாவின் நேர் முகம். நெற்றியில் ஒரு குறையுமில்லை.

"உங்க மாமா ஏன் அன்னைக்கு மேல வரல? எத்தனை காப்பி வேணுமின்னாலும் இதுலருந்து ஒரு மணி நேரத்துல போட்டுத் தருவேன்னு வியாழக்கிழமையே அவருகிட்டச் சொன்னேனே" என்றார்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது மாமா யாரோ விருந்தாளிக்கு அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை வழக்கம்போல் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள். அவர்களுடைய மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "இந்தா வந்துட்டாளே, இவதான்" என்று மாமா என்னைக் காட்டினார். நான் எங்கேயிருந்து வருகிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஈயத்தாள் வெளிச்சத்தில் நான் கண்ட அதே கண். பயந்துதான் போகாமல் இருந்தீர்களா, அத்தையை விட்டுப் போக மனசில்லாமலா என்று கேட்க வாய்வரை வந்தது. "தெரியாம வச்சிட்டேன் மாமா" என்று வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சிவப்பு ரிப்பனை இரட்டைச் சடையில் கட்டிக்கொண்டு, இவ்வளவு பெரிய நஷ்டம் பண்ணியும் மாமாவுக்கு என்மேல் கோபமே இல்லை பாருங்கள் என்று லயத்தில் ஒரு காம்பரா விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.