பொட்டு வைத்த பஞ்சிங் பேக்

வில்லாபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டு ராமமூர்த்தி அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். ஆனால் அவர் திட்டுவது மட்டும் தமிழில்தான். தெருவுக்குப் புரியாமல் திட்டி என்ன பிரயோஜனம் என்று நினைத்தாரோ என்னவோ. தொழில் சுங்குடிச் சேலை வியாபாரம். கடைக்கு வருகிறவர்கள் அத்தனை சேலையையும் பிரித்துப் போட்டுவிட்டு, "வேற கலர் இல்லையா?" என்று கேட்டுக் கிளம்பும்போது சிரித்த முகமாக அனுப்பி வைப்பார். அந்தக் கோபம் மொத்தத்தையும் சாயந்திரம் வீட்டில் கொண்டுவந்து இறக்குவார்.

தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன். மகள் ஸ்ரீவர்ஷினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியில் சீனி குறைவு என்றார்கள். "அப்ப சீனி மில்லுல போயி பொண்ணு பாருங்க" என்று அண்ணன் வாசலைக் காட்டிவிட்டார். அடுத்த வரன் பரமக்குடியிலிருந்து வந்தது. பையன் தங்கமானவன், பெண்ணுக்கும் போட்டோவில் பிடித்துவிட்டது. கனகலட்சுமி அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவயும் நீங்க வாயத் தொறந்தீகன்னா எம்மக காலத்துக்கும் வீட்டோட கெடக்க வேண்டியதுதான்."

அண்ணன் உண்மையிலேயே பயந்துபோனார். மகள் என்றால் அவருக்கு உயிர். வாயைத் திறக்கக் கூடாது என்றால் கோபத்தை வேறெங்காவது கொட்டியாக வேண்டுமே. டிவியில் குத்துச்சண்டை பார்த்ததில் அவருக்கு வழி கிடைத்தது. "தம்பி, அந்தத் தொங்குற மூட்டை ஒண்ணு வாங்கணும், துணைக்கு வா" என்றார்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. முதலாளி நல்லகாமன் ஒரு பையைக் காட்டினார். அண்ணன் அதன் துணியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார்.

"சாயம் போகுமா?"

"அண்ணே, இதத் துவைக்கப் போறீகளா, குத்தப் போறீகளா?"

"வேற கலர் இருக்கா?"

கறுப்பு வந்தது, நீலம் வந்தது, அரக்கு வந்தது. பரணில் கிடந்த பழையதும் இறங்கியது. தன் கடைக்கு வருகிறவர்களைப் போலவே தானும் நடந்துகொள்கிறோம் என்று அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். துணிக்கழிவு என்றார் நல்லகாமன். மணல் நிரப்பினால் அடியில் இறங்கிக் கல்லாகிவிடுமாம். உங்கள் எடையில் பாதி இருந்தால் போதும் என்றும் சொல்லி, ஒரு குத்து விட்டுப் பாருங்கள் என்றார்.

"கோவம் வராம எப்பிடிய்யா குத்துறது?"

"எடுக்குறதுன்னா எடுங்க. இல்ல, சேலக் கடையில போயி கலர் பாருங்க."

விழுந்தது குத்து. போன வேகத்தில் திரும்பி வந்த பை அண்ணனின் நெஞ்சில் மோதி அவரை ஸ்டூலில் உட்கார வைத்தது. "இதயே கட்டுங்க" என்றார் அண்ணன். "கையில துணியச் சுத்திக்கிட்டு அடிங்கண்ணே, இல்லன்னா மணிக்கட்டு போயிரும்" என்று சொல்லி அனுப்பினார் நல்லகாமன்.

ஆட்டோவில் எங்கள் இருவர் மடியிலும் நீட்டிப் படுத்திருந்த பையைப் பார்த்துவிட்டு, தெருமுனையில் தங்கப்பொண்ணு அக்கா பதறி ஓடிவந்தார். "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

கூடத்து ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அதே கொக்கியில் பையை மாட்டினோம். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு அண்ணன் செய்ததுதான் வினை. கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் பொட்டு வைக்காமல் கட்டுப் பிரிக்க மாட்டார். அந்தப் பழக்கத்தில் பைக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பூச்சுற்றி, சூடம் காட்டி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை பாலில் தண்ணீர். அண்ணன் முஷ்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். எதிரே பொட்டும் பூவுமாகத் தொங்குகிறது. ஓங்கிய கை அப்படியே இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "அழிச்சுட்டு அடிங்கண்ணே" என்றேன். "சூடம் காட்டுனத அழிக்கச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி அதற்குப் புதுப் பூ வேறு சாத்த ஆரம்பித்துவிட்டார்.

பரமக்குடிக்காரர்கள் வந்த அன்று நானும் இருந்தேன். பையனின் அப்பா காபியை உறிஞ்சிக்கொண்டே, "சுங்குடியெல்லாம் இப்ப யாரு கட்டுறா? வேலக்காரிக்கு எடுத்துக் குடுக்கலாம்" என்றார். பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கே ரத்தம் கொதித்தது. அண்ணன் எழுந்தார். நேராகப் பையிடம் போய் முஷ்டியை இறுக்கினார். பூவைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கைகூப்பி, கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, "காபி ஆறுது, சாப்புடுங்க" என்றார்.

"இது என்ன சாமி?" என்று பையனின் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"கோவத்தக் கொறைக்கிற சாமி" என்றார் அண்ணி.

அந்த அம்மா தன் கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணும்" என்றார்.

சம்பந்தம் முடிந்தது. கட்டில், பீரோ, கிரைண்டரோடு அந்தப் பையும் சீர் வண்டியில் ஏறியது. ஸ்ரீவர்ஷினிதான் பிடிவாதமாகக் கேட்டாள்.

கல்யாணம் முடிந்த சில நாளில் எங்கள் வீட்டு போனுக்கு அவள் கூப்பிட்டாள். அண்ணன் சௌராஷ்டிரத்தில் பேசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னவென்று கேட்டேன்.

"அந்தச் சம்பந்தி மனுசன் இன்னமும் அப்பிடித்தான் பேசுறாராம். மாமியாளும் மருமகளும் சேந்து பொட்ட அழிச்சிட்டாளுகளாம்."

மறுநாள் கடையில் இருந்ததிலேயே நல்ல சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து, பட்டை பட்டையாகக் கிழித்து, கையில் சுற்றிக்கொள்ள இரண்டு ஜோடி பரமக்குடிக்குப் பார்சல் அனுப்பினார்.