உத்தரத்துக்கு வந்த பொடுகு

கீழக்குயில்குடியில் என் கணவர் வீட்டுக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. மண்சுவர், நாட்டு ஓடு, நடுவே வாகை மர உத்தரம். அடுப்பு உள்ளேயே எரிந்ததால் அந்த உத்தரம் எண்ணெய் பூசினாற்போலக் கறுத்து மின்னும். மதுரையில் எட்டாம் வகுப்புவரை சுகாதாரப் பாடம் படித்த எனக்கு அது உத்தரமாகத் தெரியவில்லை. என் மகளின் நுரையீரலாகத் தெரிந்தது.

கைக்குழந்தை ஒருநாள் லேசாக இருமினாள். அன்றே அடுப்பைக் கொல்லைச் சாய்ப்புக்கு மாற்றச் சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம். கணவரை ஏணியில் ஏற்றி, உத்தரத்துக் கரியையும் சீயக்காய் போட்டுத் தேய்க்க வைத்தேன். மரம் வெளுத்து வந்ததும் எனக்கு ஒரே பெருமை. அதிலேயே தொட்டிலைக் கட்டினேன்.

மழைக்காலம் முடிந்தபின் குழந்தையின் தலையில் மாவுபோல ஏதோ படிந்தது. துடைத்தால் மறுநாளும் வந்தது. பொடுகா, படையா, என் பாலில் கோளாறா? நான் தின்ற மொச்சைமீதும் சந்தேகம் வந்தது. வண்டி கட்டி மதுரைக்குப் போனோம். டாக்டர் குழந்தையின் தலையைத் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, தொட்டில் எங்க கட்டியிருக்கீங்க?"

சொன்னேன்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. உங்க உத்தரத்தைத்தான் வண்டு தின்னுது. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

 திரும்பும் வழியெல்லாம் கணவர் மாட்டைக் காரணமில்லாமல் அதட்டினார். விஷயத்தைக் கேட்ட மூத்த ஓரகத்தி அரிசி புடைப்பதை நிறுத்தவேயில்லை.

"பிள்ளைக்குன்னு அம்புட்டு தூரம் வண்டி கட்டிப் போயி, வீட்டுக்கு வைத்தியம் பாத்துட்டு வந்திருக்கா."

புகை ஏறிய மரத்தை வண்டு அண்டாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் பாடப் புத்தகத்துக்குத்தான் தெரியாது. உத்தரம் போனால் வீடே போயிற்று. அதைக் குளிப்பாட்டி, வண்டுக்கு இலை போட்டுப் பரிமாறியவள் நான்.

கணவர் உத்தரத்துக்கு வேப்பெண்ணெய் தடவினார். அடுப்பு உள்ளே திரும்பியது. அது எரியும் நேரமெல்லாம் நான் பிள்ளையோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். சமையல் ஓரகத்தியின் தலையில் விழுந்தது. படிச்ச படிப்புக்கு இது ஒண்ணாவது லாபம் என்றார் அவர்.

தினமும் உத்தரத்தின் கீழே கறுப்புத் துணி விரித்து, மாவு விழுகிறதா என்று பார்த்தேன். பங்குனியில் துணி சுத்தமாகவே கிடந்தது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும், வண்டு ஒழிந்ததா, தின்ன மரம் தீர்ந்ததா என்று புதுக் கவலை. கணவரை மறுபடி ஏணியில் ஏற்றித் தட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"கெட்டியாத்தான் இருக்கு. எறங்கட்டுமா?"

"அந்த ஓரத்துல இன்னொருக்கா தட்டுங்க," என்றேன்.