ஸ்குரூ இல்லாத கதவு

சிவகாசியில் சொர்ணலட்சுமி அம்மா வீட்டு மாடியில் அந்த ஒரு சுவர் மட்டும் செங்கல் இல்லை. தகரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் பூசியது. குளியலறைக் குழாயின் வால்வு அதற்குள்ளே மாட்டிக்கொண்டது. வேண்டும்போது கழற்றி மாட்டுகிற மாதிரி அங்கே ஒரு சின்னக் கதவு வெட்டத்தான் கருப்பணன் வந்திருந்தார்.

காண்ட்ராக்டர் நவநீதகிருஷ்ணன் காலையிலேயே சொல்லிவிட்டார். "ஏலே கருப்பணா, இது அம்மாவுக்குப் பிடிச்சிருச்சுன்னா இவுக கட்டுற லாட்ஜு வேலை முச்சூடும் நமக்குத்தான். உனக்கு வருசம் பூராம் வேலை. கோடு தெரியக் கூடாது. நாலு ஸ்குரூவப் போட்டு இறுக்கு, தலைய மறைச்சு லேசாப் பட்டி பாரு, கழட்டணும்னா சுரண்டிக்கிடலாம், அம்புட்டுத்தான்."

"சரிங்க அண்ணாச்சி."

வருசம் பூராவும் வேலை. இருக்கன்குடி மாரியம்மனிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்ததே அதைத்தான். மகள் மாரிசெல்வி முடிவாகச் சொல்லியிருந்தாள். "இந்த வேலையும் நிலைக்கலன்னா திங்கக்கிழம நான் வேன்ல ஏறிருவேன்ப்பா. வீட்டுல அடுப்பெரியணும்ல." ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வேன் அது. அதில் போன அவள் அம்மா வள்ளித்தாய் திரும்பி வரவில்லை.

பட்டாசு ரூமில் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் கூடாது. தள்ளினால் ஆள் வெளியே வந்துவிட வேண்டும். கருப்பணனும் அங்கே உட்கார்ந்து மருந்து இடித்தவர்தான். அந்த வழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. வள்ளித்தாய் போன அந்தத் தீபாவளிச் சீசனில் லோடு அதிகம் என்று வாசலுக்கு வெளியே பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். உள்ளே தீப்பிடித்தபோது அவள் தள்ளிய கதவு திறக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு அம்மன் வாசலில் விழுந்து, "எம்பிள்ள அந்த வாசல மிதிக்காமப் பாத்துக்கோ தாயே" என்று அழுதுவிட்டு, பட்டாசை விட்டுப் பலகை வேலைக்கு வந்தார்.

சுவரைத் தட்டித் தட்டிச் சட்டம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். மட்டம் வைத்துச் சதுரமாகக் கீறி, வெட்டிய துண்டை உடையாமல் முழுசாக எடுத்தார். ஓட்டைக்குள் ஓரமாக மரச்சட்டம் கொடுத்து, துண்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வைத்துப் பார்த்தார். அம்மன் புண்ணியத்தில் அப்படியே பொருந்திற்று.

முதல் ஸ்குரூ பாதி இறங்கியதும் கை நின்றுவிட்டது. அந்த இருட்டுப் பொந்தை இறுக்கி அடைக்க அவரால் முடியவில்லை. உள்ளே இருப்பது வால்வுதான், ஆள் இல்லை என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. ஸ்குரூவைக் கழற்றிவிட்டு, பையில் கிடந்த காந்தத் துண்டுகளை மரச்சட்டத்திலும் பலகையிலும் ஒட்டிப் பலகையை நிறுத்தினார். விரல் பட்டாலே கையோடு வந்துவிடும் கதவு.

நவநீதகிருஷ்ணனோடு சொர்ணலட்சுமி அம்மா வந்து பார்த்தார். "கோடே தெரியலையே! நல்லாப் பண்ணியிருக்கீக."

கருப்பணனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அம்மா வெளியே போனார். அவர் பின்னால் அறைக்கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொண்டது. பலகை கழன்று தரையில் விழுந்து மூலை நொறுங்கிப்போனது.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்தவர் அதையே பார்த்தார். "என்னப்பா இது, பொட்டு ஒட்டுற மாதிரியா ஒட்டி வச்சீக? உங்கள நம்பி லாட்ஜு வேலைய எப்படிக் குடுக்க?"

நவநீதகிருஷ்ணன் முகம் கறுத்தது. "ஸ்குரூ போடச் சொன்னேனா இல்லையாலே?"

"போட முடியல அண்ணாச்சி."

"ஸ்குரூ போட முடியாதவனுக்குப் பலகை வேலை என்னத்துக்குலே? பையத் தூக்கு."

காரணம் சொல்லியிருக்கலாம். வள்ளித்தாய் பேரை அந்த இடத்தில் எடுக்க அவருக்கு வாய் வரவில்லை. நொறுங்கிய தூளைக் கையால் கூட்டி அள்ளிவிட்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை வேன் வந்து நின்றது. மாரிசெல்வி தூக்குவாளியோடு ஏறினாள். கருப்பணன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ரூமப் போய்ப் பாத்துட்டு வந்தியே தாயி, கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

"வெளிப்பக்கந்தாம்ப்பா. பயப்படாதீக."

"வெளிய பெட்டி எதுவும் அடுக்கியிருக்காகளா?"

அவள் அப்பா முகத்தைப் பார்க்காமல் தூக்குவாளி மூடியை அழுத்தினாள். "சீசன்ப்பா" என்றாள்.

வேன் கிளம்பிவிட்டது. இருக்கன்குடி இருக்கும் திசை பார்த்துக் கையெடுத்தார். என்ன கேட்பதென்று தெரியவில்லை. கேட்க இருந்த ஒன்றைத்தான் வள்ளித்தாய் காரியம் முடிந்த அன்றே கேட்டாயிற்றே.