ஏரித் தீவில் பறை காய்ச்சிய சாயங்காலம்

வைக்கோல் எரியும்போது முதலில் லேசான இனிப்பு வாசம் வரும். அப்புறம்தான் புகை கண்ணைக் கரிக்கும். கூடவே மாட்டுத்தோல் சூடேறுகிற வாசமும் சேர்ந்தால்... அதுதான் கல்யாணமான புதுசில் எங்கள் வீட்டு வாசம். சென்ட்டெல்லாம் அப்போது ஏது!

ஃபிரெண்ட்ஸ், பேத்தி இந்த போனை வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து உங்களை விடாமல் படுத்திக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குப் பெங்களூர் அல்சூர் ஏரிக் கதை.

சீனச் சண்டைக்கு முந்தின காலம். ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறையில் புதுக் குடித்தனம். வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. லீவு நாளில் கூட்டாளிகளோடு சேர்ந்து பறை அடிப்பார். அந்தப் பறையால்தான் என் அப்பா என்னோடு பேசுவதை விட்டார்.

அப்பா அல்சூர் ஏரியில் படகு ஓட்டினவர். சின்ன வயதில், ஆற்காட்டுப் பக்கம், அவரும் பறை அடித்தவர்தான். சாவுக்குக் கூப்பிடுவார்களாம், தெருமுனையிலேயே நிற்க வைத்துச் சோறு போடுவார்களாம். ஒரு நாள் குச்சியை வீசிவிட்டு பெங்களூருக்கு ரயில் ஏறினார். இங்கே வந்து புத்தர் படத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் அதைத் தொடவே மாட்டேன் என்று சொன்னவர். அவருடைய ஒரே பெண் போய் ஒரு பறைக்காரரைக் கட்டிக்கொண்டால்?

"எதை உட்டுட்டு ஓடியாந்தனோ அதையே புடிச்சிக்கினு நிக்கிறியே... என் வாசப்படி ஏறாத" என்றார்.

நானும் ஏறவில்லை. எனக்கும் அவர் ரத்தம்தானே, வீம்பு இருக்காதா? அம்மா மட்டும் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் வந்து என்னைப் பார்த்து, காய்கறிக் கடை ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் ஏரி நடுவில் இருக்கிற தீவில் ஒரு இசை விழா வைத்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பாட்டுக்காரர்கள், மேளக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். எங்கள் செட்டுக்கும் சான்ஸ் கிடைத்தது. யாரும் சாகாமல், ஜனங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க, வீட்டுக்காரர் பறை அடிக்கப் போவது அதுதான் முதல் தடவை. மனுஷன் ரெண்டு நாளாகத் தூங்கவில்லை.

நானும் கூடப் போனேன். கரையில் நின்றபோது அப்பாவின் படகு வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்... வரவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

அவர் படகுதான் வந்தது!

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் செட்டில் ஒருவரைப் பார்த்து, "அந்தப் பொண்ண நடுவுல குந்தச் சொல்லுப்பா, ஓரத்துல தண்ணி தெளிக்கும்" என்றார். அந்தப் பொண்ணாம்! பெற்ற பெண்ணுக்கு மரியாதையைப் பாருங்கள். சொன்னபடி நடுவில் உட்கார்ந்தேன்.

தீவில் இறங்கினதும் தூறல் பிடித்துக்கொண்டது. அப்பாவும் படகைத் திருப்பாமல் கரையோரமாக ஒதுங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, ஆனால் ஏரிக் காற்றும் ஈரமும் சேர்ந்து பறைத்தோல் தொய்ந்துபோய்விட்டது. அடித்தால் ஈரத் துணியைத் துவைக்கிற மாதிரி தொப்பு தொப்பு என்று சத்தம். நெருப்பில் காய்ச்சினால்தான் தோல் விறைக்கும், சத்தம் எழும்பும். வீட்டுக்காரர் தீப்பெட்டியை எடுத்தார்.

விழாக் கமிட்டிக்காரர் ஓடி வந்துவிட்டார். "ஐயோ, பெங்கி பேடாப்பா, நெருப்பே வேணாம்! ஷாமியானா பூரா புதுசு. தீவுல ஒரு பீடி கூட யாரும் பத்த வைக்கக்கூடாது!"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. இந்தத் தொப்பு தொப்போடு மேடை ஏறினால் சிரிப்பார்கள். அதையும் அப்பா படகில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்... வீட்டுக்காரர் பறையை வேட்டியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பாவம், துடைத்தால் ஆகிற காரியமா?

அப்போது ஏரிப் பக்கத்திலிருந்து புகை வந்தது.

திரும்பிப் பார்த்தால் அப்பா! விழாவுக்கு வந்திறங்கின கலர் சோடா பெட்டியிலிருந்த வைக்கோலை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். படகுப் பலகையில் ஈரச் சாக்கை விரித்து, தண்ணீர் இறைக்கிற இரும்பு பக்கெட்டை அதன்மேல் வைத்து, அதற்குள் வைக்கோலைக் கொளுத்திவிட்டார். படகையும் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தார்.

கமிட்டிக்காரர் கத்தினார். "ஏய், பெங்கி பேடான்னு சொன்னேன் இல்ல?"

"தீவுல பேடான்னீங்க சாமி. நான் தண்ணி மேல இல்ல இருக்கேன்!"

நாற்காலியில் இருந்த ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். கமிட்டிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆய்த்து, சரி, சீக்கிரம் முடி" என்று போய்விட்டார்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பறைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடவே மாட்டேன் என்ற மனுஷன் அதை வாங்கி, அனலில் மெல்லச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கடைசியாக வீட்டுக்காரருடைய பறை. அதைக் கொஞ்சம் கூடுதலாகவே காய்ச்சினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பாத்துப் புடிம்மா... சூடா கீது."

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அப்புறம் அப்பா என்னிடம் பேசின முதல் பேச்சு. நான் தண்ணீரில் நின்றுகொண்டே ஓவென்று அழுதேன். "போ போ, ஆறிடப் போவுது" என்று விரட்டிவிட்டு, பக்கெட்டு நெருப்பில் தண்ணீரை ஊற்றினார்.

எங்கள் செட்டு அடித்த அடியில் ஏரிக்கரையில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். திரும்பி வரும்போது, பாதி ஏரியில் அப்பா துடுப்பை நிறுத்திவிட்டு, "மாப்ள... நடுவுல கொஞ்சம் ஓட்டமா பூட்ட, நிதானமா அடி" என்றார். மாப்ள என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நிற்கப் போய்ப் படகே ஆடிவிட்டது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் எங்கள் ஒற்றை அறைக்குச் சாப்பிட வந்தார்கள்.

இப்போது இரண்டு பேரும் இல்லை. அப்பாவும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. கொள்ளுப்பேரன் காலேஜில் பறை அடிக்கிறான், பெண் பிள்ளைகளும் சேர்ந்து அடிக்கிறார்கள், பார்க்க அவ்வளவு பெருமையாக இருக்கிறது. அவனுடையது பிளாஸ்டிக் தோல். மழையில் நனைந்தாலும் கணீரென்று பேசுகிறது.

"காய்ச்சவே வேணாம் ஆயா. யார் தயவும் தேவையில்ல" என்றான்.

நல்லதுதான் கண்ணா என்றேன். எங்களுக்குத் தேவைப்பட்டது. அன்றைக்கு மழை தூறாமல், தோல் தொய்யாமல் இருந்திருந்தால், எங்கப்பா எங்களை இறக்கிவிட்டு அப்படியே படகைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்.